கிணற்று நீரின் காரமும் உவரும்: பரிசோதனைத் தாளை விளங்கிக்கொள்ளும் முறை

தோட்டக் கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்பிய கமக்காரரின் கைக்குச் சில நாட்களின் பின்னர் ஒரு தாள் வந்து சேர்கின்றது. அதிற் பத்துப் பன்னிரண்டு பெயர்களும், அவற்றின் எதிரே எண்களும் காணப்படும். காரத்தன்மை 300 என்றிருப்பதைக் கண்டு, கிணறு கெட்டுவிட்டதென அஞ்சுவோர் உளர். பீ.எச். 7.6 என்றிருப்பதை மாத்திரம் நோக்கி, நீர் நன்றெனக் கொண்டு, உவர் மிகுந்த நீரை வெங்காயத்துக்குப் பாய்ச்சி விளைவை இழப்போரும் உளர். இவ்விரு தவறுகளுக்கும் காரணம் ஒன்றே. பீ.எச்., காரத்தன்மை, உவர்த்தன்மை ஆகிய மூன்றையும் ஒரே பொருளாகக் கருதுதலே அது. இம்மூன்றும் வெவ்வேறானவை. ஒன்றன் எண்ணைக் கொண்டு மற்றொன்றை அறிதல் இயலாது. இவற்றைப் பிரித்தறிந்து, பயிருக்கும் மண்ணுக்கும் ஏற்ற முடிவை எடுக்கும் முறை இப்பிரசுரத்தில் விளக்கப்படுகின்றது.

குடாநாட்டுக் கிணற்று நீரின் இயல்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரிகாலத்தில் மாத்திரமே நீர் கொண்டோடும். ஆதலால் தோட்டச் செய்கைக்குக் கிணற்று நீரே ஆதாரமாகும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையின் ஒரு பகுதி மண்ணினூடாக இறங்கி, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் சேர்கின்றது. வேர்களும் நுண்ணுயிர்களும் மண்ணில் வெளிவிடும் காபனீரொட்சைட்டு வாயுவை இந்நீர் ஏற்று, மென்மையான அமிலமாகிச் சுண்ணாம்புக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றது. கரைந்த சுண்ணாம்பு, கல்சியமாகவும் இருகாபனேற்றாகவும் நீரில் தங்குகின்றது. இந்நீரிற் சவர்க்காரம் எளிதில் நுரையாமைக்கும், கேத்திலின் அடியில் வெண்படை படிவதற்கும் இதுவே காரணம்.

இந்நன்னீர், கீழேயுள்ள கடல்நீரின்மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கின்றது. கடல்நீர் நன்னீரினும் பாரமானது. அவ்வேறுபாட்டின்படி கணக்கிட்டால், கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி உயரம் நன்னீர் நிற்குமிடத்து, கடல்மட்டத்தின் கீழ் ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை நன்னீர் நிற்கும். இக்கணக்கின் மறுபக்கத்தையும் நினைவிற் கொள்ளவேண்டும். அளவுக்கு மிஞ்சி இறைத்து நன்னீர் மட்டத்தை 1 அடி நிலையாகத் தாழ்த்துவோமாயின், அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் 40 அடி வரை மேலெழக்கூடும். புத்தூர்ப் பகுதியிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராயிருக்க, ஆழஞ் செல்லச் செல்ல நீர் உவர்ப்பதும் இவ்வமைப்பினாலேயே.

எனவே குடாநாட்டுக் கிணற்றில் இருவகை மாற்றங்கள் நிகழ்கின்றன. ஒன்று, சுண்ணாம்புக்கல் கரைவதால் வரும் காரத்தன்மை. மற்றையது, கடல்நீர் கலப்பதால் வரும் உவர்த்தன்மை. முன்னையது இயல்பானது, பெரும்பாலும் தீங்கற்றது. பின்னையது கவனியாது விடப்படின் கிணற்றையும் நிலத்தையும் கெடுக்கவல்லது.

மூன்று எண்கள், மூன்று வினாக்கள்

பீ.எச். என்பது, நீர் இப்பொழுது அமிலமாயிருக்கின்றதா, காரமாயிருக்கின்றதா என்னும் வினாவுக்கு விடையாகும். 7 நடுநிலை. அதனிற் குறைந்தால் அமிலம், கூடினால் காரம். பாசன நீருக்கு 6.5 முதல் 8.4 வரை இயல்பான எல்லையாகும்.

காரத்தன்மை என்பது, அமிலம் சேர்க்கப்படின் அதனை எவ்வளவுக்கு இந்நீர் ஏற்றுத் தாங்கும் என்னும் வினாவுக்கு விடையாகும். இதனை வீட்டிலேயே விளங்கிக்கொள்ளலாம். ஒரு குவளையில் மழைநீரும் மற்றொன்றிற் கிணற்று நீரும் எடுத்து, இரண்டிலும் தேசிக்காய்ப் புளியைத் துளி துளியாக விடுக. மழைநீர் ஓரிரு துளிகளிலேயே புளித்துவிடும். கிணற்று நீரோ மேலும் பல துளிகளைத் தாங்கிய பின்னரே புளிக்கும். இருகாபனேற்று அவ்வமிலத்தை முறிப்பதே காரணம். ஆய்வுகூடத்திலும் இதுவே செய்யப்படுகின்றது. அளந்த நீரில் அளந்த செறிவுள்ள அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறங்காட்டி நிறம் மாறும் வரை செலவான அமிலத்தைக் கணக்கிட்டு, அதனைச் சுண்ணாம்புக் காபனேற்றின் அளவாக இலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என எழுதுவர்.

உவர்த்தன்மை என்பது, நீரிற் கரைந்துள்ள உப்புகள் யாவும் சேர்ந்து எவ்வளவு என்னும் வினாவுக்கு விடையாகும். இது மின்கடத்துதிறன் என்னும் பெயரால் தாளில் எழுதப்படும். தூய நீர் மின்னை மிகச் சிறிதே கடத்தும். உப்புக் கூடக் கூடக் கடத்துதிறனும் கூடும். இது மீற்றருக்கு இத்தனை டெசிசீமன் என்றோ, சென்ரிமீற்றருக்கு இத்தனை மைக்குரோசீமன் என்றோ எழுதப்படும். 1 டெசிசீமன் 1000 மைக்குரோசீமனுக்குச் சமம். டெசிசீமன் எண்ணை 640 ஆற் பெருக்கினால், ஓர் இலீற்றர் நீரில் ஏறக்குறைய எத்தனை மில்லிகிராம் உப்பு உண்டென அறியலாம்.

காரமும் உவரும் ஒன்றல்ல என்பதற்குக் கடல்நீரே தக்க சான்று. கடல்நீரின் மின்கடத்துதிறன் ஏறக்குறைய 50 டெசிசீமன். அதன் காரத்தன்மையோ இலீற்றருக்கு ஏறக்குறைய 115 மில்லிகிராம் மாத்திரமே. வலிகாமத்துச் செம்மண் தோட்டமொன்றின் நல்ல கிணற்று நீரில் இதனிலும் இருமடங்கு, மும்மடங்கு காரத்தன்மை இருத்தல் கூடும். அக்கிணற்று நீர் பயிரை வளர்க்கும். கடல்நீர் பயிரைக் கொல்லும். ஆதலால் காரத்தன்மை எண் பெரிதென்பதைக் கொண்டு மாத்திரம் நீரைத் தள்ளுதல் தகாது.

எண்களை ஒப்பிடும் முறை

கல்சியம், மகனீசியம், சோடியம், குளோரைட்டு ஆகியவை தாளில் மில்லிகிராமில் எழுதப்பட்டிருப்பின், அவற்றை அவ்வாறே ஒன்றோடொன்று ஒப்பிடலாகாது. வெவ்வேறு எடையுள்ள காய்களை எண்ணிக்கையாற் கணக்கிடுவது போல, இவற்றை மில்லிச்சமவலு என்னும் பொது அலகுக்கு மாற்றவேண்டும். இதற்குப் பின்வரும் எண்களால் வகுத்தல் போதுமானது.

கல்சியம்: 20
மகனீசியம்: 12
சோடியம்: 23
குளோரைட்டு: 35.5
இருகாபனேற்று: 61
காரத்தன்மை, சுண்ணாம்புக் காபனேற்றாக எழுதப்பட்டிருப்பின்: 50

காரத்தன்மையின் மில்லிச்சமவலுவிலிருந்து கல்சியம், மகனீசியம் இரண்டினதும் கூட்டுத்தொகையைக் கழிக்க. எஞ்சுவது எச்சச் சோடியங் காபனேற்று எனப்படும். அது 1.25 இற் குறைந்தால் நீர் அச்சமின்றிப் பாய்ச்சத் தக்கது, 1.25 முதல் 2.5 வரை கவனத்துக்குரியது, 2.5 இற்கு மேற்பட்டால் நெடுங்காலம் பாய்ச்சுதற்கு ஏற்றதன்று. இருகாபனேற்று மிகுந்தும் கல்சியமும் மகனீசியமும் குறைந்தும் உள்ள நீர் மண்ணில் வற்றும்போது, அவ்விரண்டும் சுண்ணாம்பாகப் படிந்துவிட, சோடியம் தனித்து எஞ்சும். சோடியம் மிகுந்த மண்ணின் பருக்கைகள் உடைந்து மேற்பரப்பு அடைபட்டு, நனைந்தபோது சேறாகவும் காய்ந்தபோது ஓடு போல் வன்மையாகவும் மாறும். கழித்த விடை பூச்சியத்திற் குறைந்து வருமாயின், காரத்தன்மை எண் பெரிதாயினும் சோடியங் காபனேற்றினால் வரும் இக்கேட்டுக்கு அஞ்சவேண்டியதில்லை.

மூன்று கிணறுகள்

விளக்கத்தின் பொருட்டு மூன்று தாள்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாங் கிணறு குடாநாட்டின் நடுப்பகுதியில் உள்ளது. பீ.எச். 7.4, மின்கடத்துதிறன் 0.9 டெசிசீமன், காரத்தன்மை 300, கல்சியம் 100, மகனீசியம் 18, குளோரைட்டு 71 மில்லிகிராம். காரத்தன்மை 6.0 மில்லிச்சமவலு, கல்சியம் 5.0, மகனீசியம் 1.5, இரண்டும் சேர்ந்து 6.5. கழித்தால் எச்சம் இல்லை. இது வன்மையான நீரேயாயினும் தோட்டத்துக்கு ஏற்றது.

இரண்டாங் கிணறு கரையோரத்தில் உள்ளது. பீ.எச். 7.6, மின்கடத்துதிறன் 2.8, காரத்தன்மை 250, கல்சியம் 120, மகனீசியம் 60, சோடியம் 391, குளோரைட்டு 745 மில்லிகிராம். காரத்தன்மை முதலாங் கிணற்றிலும் குறைவு, எச்சமும் இல்லை. எனினும் குளோரைட்டு 21 மில்லிச்சமவலு. பாத்தியிற் பாய்ச்சும் நீரில் இது 4 இற்கு மேற்பட்டாற் கவனமும், 10 இற்கு மேற்பட்டால் மிகுந்த எச்சரிக்கையும் வேண்டும். சோடியமும் குளோரைட்டும் ஒருங்கே உயர்ந்து நிற்றல் கடல்நீர் கலந்ததன் அடையாளமாகும். பீ.எச். எண்ணையோ காரத்தன்மை எண்ணையோ மாத்திரம் நோக்கியவர் இதனைக் கண்டிருக்கமாட்டார்.

மூன்றாங் கிணறு சுண்ணாம்புக்கல் நிலத்தில் அன்றி, குடாநாட்டுக்கு வெளியே கருங்கற்பாறை நிலத்தில் உள்ளது. பீ.எச். 8.3, மின்கடத்துதிறன் 1.2, காரத்தன்மை 450, கல்சியம் 40, மகனீசியம் 24, சோடியம் 184 மில்லிகிராம். காரத்தன்மை 9.0, கல்சியமும் மகனீசியமும் சேர்ந்து 4.0, எச்சம் 5.0. உவர் அதிகமில்லை, காரமே இங்குக் கேடு. இந்நீர் உடனே பயிரை வாட்டாது. சில ஆண்டுகளில் மண்ணை இறுகச் செய்யும்.

எப்பயிர் எவ்வளவு உவரைத் தாங்கும்

ஓரளவு நீர் வடியத்தக்க நிலத்தில், பின்வரும் மின்கடத்துதிறன் வரை விளைவு குறைவதில்லை. அதற்கு மேற்பட்டாற் குறையத் தொடங்கும். எண்கள் டெசிசீமனில் தரப்பட்டுள்ளன.

போஞ்சி, கரட்: 0.7
வெங்காயம்: 0.8
மிளகாய்: 1.0
கோவா: 1.2
தக்காளி: 1.7
நெல்: 2.0
பீற்றூட்: 2.7

வெங்காயத்துக்கு 1.2 டெசிசீமன் நீரைப் பாய்ச்சினால் விளைவிற் பத்திலொரு பங்கும், 2.9 டெசிசீமன் நீரைப் பாய்ச்சினால் ஏறக்குறையப் பாதியும் குறையக்கூடும். எனவே இரண்டாங் கிணற்றின் நீரால் வெங்காயஞ் செய்பவர், விதைக்கும் பசளைக்கும் முழுச் செலவு செய்து அரைவாசி விளைவையே பெறுவார். அந்நீரிற் பீற்றூட் செய்தால் இழப்பு மிகச் சிறிதேயாகும். நெற்பயிர் நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் உவருக்கு மிகவும் இளகியது; அக்காலங்களில் உவர்நீரைத் தவிர்த்தல் வேண்டும். உவர் நிலங்களுக்கு ஏ.ரீ. 354 போன்ற தாங்கும் இனங்களைப் பயன்படுத்தலாம்.

உவர் நிலத்திற் சேரும் அளவையும் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. ஒரு பரப்பு நிலத்தில் ஓரங்குல உயரம் நீர் பாய்ச்சினால் ஏறக்குறைய 6,400 இலீற்றர் நீர் செல்லும். அந்நீர் 2 டெசிசீமன் உடையதாயின், ஒருமுறை பாய்ச்சுதலில் 8 கிலோகிராம் உப்பு அப்பரப்பில் இறங்கும். 30 முறை பாய்ச்சினால் 240 கிலோகிராமுக்கு மேற்படும். நீர் ஆவியாகப் போய்விடும், உப்புப் போவதில்லை. மாரிமழை அதனைக் கழுவி இறக்கினாலன்றி அது வேரடியிலேயே தங்கும்.

உவர் கண்டவிடத்துச் செய்யவேண்டியவை

1. கிணற்றை வற்ற இறைத்தல் கூடாது. நீண்டநேரம் ஒரேமுறையில் இறைத்தலினும், இடையிடையே நிறுத்தி நீர் ஊறவிட்டுச் சிறிது சிறிதாக இறைத்தல் நன்று.

2. கரையோரக் கிணறுகளை மேலும் ஆழமாக்குதலும், அவற்றின் அடியிற் குழாய் இறக்குதலும் கூடாது. நீர் குறைந்ததென ஆழமாக்குபவர் உவர்நீரையே அண்மிக்கின்றார்.

3. மாரிக்கு முன்னர் வரம்புகளைச் சீர்செய்து, மழைநீர் வழிந்தோடாது நிலத்தில் இறங்கச் செய்யவேண்டும். அது மண்ணின் உப்பைக் கழுவுவதோடு கிணற்றின் நன்னீரையும் பெருக்கும். குளங்களையும் கேணிகளையும் தூர்வாரி வைத்தலும் இப்பயனையே தரும்.

4. மாடடி எருவும் குழையும் இட்டு மண்ணை இளக்கி வைத்தல் வேண்டும். பாத்திகளின் மேல் வைக்கோல் அல்லது சருகு பரப்பினால் ஆவியாதல் குறையும். பாய்ச்சவேண்டிய முறைகளும் குறையும்.

5. கோடையிற் கிணறு உவர்க்குமாயின், அக்காலத்தில் வெங்காயம், போஞ்சி, கரட் ஆகியவற்றைத் தவிர்த்துத் தாங்கும் பயிரைத் தெரிவுசெய்க.

காரம் மிகுந்தவிடத்துச் செய்யவேண்டியவை

எச்சச் சோடியங் காபனேற்று 2.5 இற்கு மேற்பட்ட நீருக்கு ஜிப்சம் பயன்படும். எச்சத்தில் 1 மில்லிச்சமவலுவைக் குறைப்பதற்கு 1,000 இலீற்றர் நீருக்கு 86 கிராம் தூய ஜிப்சம் வேண்டும். மூன்றாங் கிணற்றின் நீரில் 2.5 மில்லிச்சமவலுவைக் குறைப்பதாயின் 1,000 இலீற்றருக்கு 215 கிராம் தேவை. இதனை மண்ணிலேயே தூவிக் கலத்தல் எளிது. இடவேண்டிய அளவை, மண்ணையும் பரிசோதித்த பின்னர் விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனைப்படி தீர்மானித்தல் வேண்டும். சுண்ணாம்பு இடுதல் கூடாது. அது இவ்வகை நிலத்துக்குப் பயன் தராது.

காரத்தன்மை மிகுந்த நீரை நெடுங்காலம் பாய்ச்சிய நிலத்தில், இளம் இலைகள் மஞ்சளாகி நரம்புகள் மாத்திரம் பச்சையாய் நிற்பதைக் காணலாம். இரும்பு மண்ணில் இருந்தும் வேருக்குக் கிட்டாமையின் அறிகுறி இது. இதற்கு மேலும் யூரியா இடுதல் வீண்செலவாகும். நாகக் குறைபாடும் இவ்வாறே தோன்றக்கூடும். துளிநீர்ப் பாசனக் குழாய்களின் துவாரங்கள் வெண்படையால் அடைபடுவதும் இதனாலேயே. சில பூச்சிகொல்லிகள் கார நீரில் விரைவிற் சிதைவன. ஆதலால் மருந்தைக் கலந்து வைக்காது, கலந்தவுடன் தெளித்துவிட வேண்டும்.

நைத்திரேற்று எண்ணையும் நோக்குக

பசளை மிகுதியாக இடப்படும் தோட்டப் பகுதிகளில் நைத்திரேற்று கிணற்றுக்கு இறங்குகின்றது. குடிநீரில் இது இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. அதற்கு மேற்பட்ட நீரிற் கரைத்த பாலைப் பருகும் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம்பாரிக்கும். உயிருக்கும் ஆபத்து நேரலாம். நீரைக் கொதிக்கவைத்தலால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்றுவதால் செறிவு கூடும். அத்தகைய கிணற்று நீரைக் குழந்தைகளுக்குக் கொடுத்தலாகாது.

பயிருக்கு இதே நைத்திரேற்று பசளையாகும். 50 மில்லிகிராம் கொண்ட நீரை ஒரு பரப்புக்கு ஓரங்குலமாக 30 முறை பாய்ச்சினால், ஏறக்குறைய 2 கிலோகிராம் நைதரசன் நிலத்திற் சேரும். அது 4 கிலோகிராமுக்கு மேற்பட்ட யூரியாவுக்கு ஒப்பாகும். அந்த அளவை யூரியாவிற் குறைத்துக்கொண்டாற் பணமும் மிஞ்சும், கிணறும் காக்கப்படும்.

மாதிரி எடுக்கும் முறை

தவறாக எடுத்த மாதிரியின் எண்கள் எப்பயனும் தரா. ஓர் இலீற்றர் கொள்ளும் தூய பிளாஸ்ரிக் போத்தலை அக்கிணற்று நீராலேயே மூன்றுமுறை அலசுக. இயந்திரத்தைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, ஓடும் நீரைப் போத்தலின் வாய்வரை நிரப்பி, காற்று இடமின்றி இறுக மூடுக. காற்று உள்ளிருப்பின் வாயு வெளியேறிப் பீ.எச். மாறும், சுண்ணாம்பும் படியக்கூடும். போத்தலை நிழலிற் குளிர்ச்சியாக வைத்து, அன்றோ மறுநாளோ ஆய்வுகூடத்திற் சேர்க்க. திகதி, கிணற்றின் ஆழம், அன்றைய நீர்மட்டம், செய்யும் பயிர் ஆகியவற்றை எழுதி ஒட்டுக. உவர் ஐயம் உள்ளவிடத்து, இறைக்கத் தொடங்கியவுடன் ஒன்றும், இறைத்து முடியும்போது ஒன்றுமாக இரு மாதிரிகள் எடுத்தல் நன்று. பின்னையதில் மின்கடத்துதிறன் கூடியிருப்பின், கிணறு தாங்கும் அளவுக்கு மேல் இறைக்கப்படுகின்றதென அறியலாம்.

ஒருமுறை செய்யும் பரிசோதனை அன்றைய நிலையை மாத்திரமே காட்டும். மழை ஓய்ந்த தை மாதத்தில் ஒன்றும், நீர் மிகவும் தாழ்ந்த ஆவணி அல்லது புரட்டாதியில் ஒன்றுமாக ஆண்டுக்கு இருமுறை பரிசோதித்து, மின்கடத்துதிறன், குளோரைட்டு, காரத்தன்மை ஆகிய மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வருதல் வேண்டும். காரத்தன்மை ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்க, குளோரைட்டு மாத்திரம் புரட்டாதிக்குப் புரட்டாதி உயருமாயின், கடல்நீர் கிணற்றை அண்மிக்கின்றதெனக் கொள்ளலாம். நாக்கு அதனை உணர்வதற்கு முன்னரே தாள் உணர்த்திவிடும். அந்நிலையில் இறைப்பைக் குறைத்தாற் கிணறு மீளும் வாய்ப்பு உண்டு. நிலத்தடி நீர் வேலிகளுக்கு உட்பட்டு நிற்பதன்று. ஒருவர் மிகையாக இறைப்பின் அயலவர் கிணறும் உவர்க்கும். ஆதலால் ஒரு குறிச்சியிலுள்ள கமக்காரர் தங்கள் எண்களை ஒருங்கே வைத்து நோக்கி, இறைக்கும் முறையைக் கூடித் தீர்மானித்தல் யாவர்க்கும் நன்மை பயக்கும்.